தடம் தெரியாத கைகள்

பழுதுபார்த்த ஒரு பொருளைப் பாராட்ட நம்மிடம் ஒரு வாசகம் உண்டு: “கை வைத்த தடமே தெரியவில்லை.” இந்தப் பாராட்டு எனக்கு உவப்பானதில்லை. தடம் தெரியாமல் உழைப்பதே சிறப்பு என்பது பெண்களுக்குக் காலங்காலமாகச் சொல்லித்தரப்பட்ட பாடம். அப்படியானால் நேர்மையான பழுதுபார்ப்பு எது? 1940களின் கிதார் ஒன்றின் பிரிட்ஜை வைத்து யோசிக்கலாம்.

வீணையில் குதிரை செய்யும் வேலையைக் கிதாரில் பிரிட்ஜ் செய்கிறது. ஆனால் இங்கே கம்பிகளின் முனையும் அந்தக் கட்டையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. ஆறு எஃகுக் கம்பிகளின் இழுவை, ஏறக்குறைய 70 கிலோ, அதன்மீது இறங்குகிறது. அது ஒட்டப்பட்டிருக்கும் பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். பல பத்தாண்டுகள் தாங்கிய பிறகு பின்விளிம்பு மெல்ல எழும்பும். அடியில் ஒரு தாள் நுழையும்.

அக்காலக் கிதார்களில் இதை ஒட்டியது பெரும்பாலும் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்கள். பெயர்தான் வச்சிரம், சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். விவரம் தெரிந்தவர் பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியை மர இழையின் போக்கறிந்து நுழைத்து, பொறுமையாகப் பிரிப்பார். பழைய பசையைச் சுத்தம் செய்து, மறுபடி வச்சிரம் தடவி, இறுக்கிக் காயவிடுவார். அவசரக்காரர் எபாக்சி பூசுவார். அதுவும் பிடிக்கும், ஆனால் அடுத்த முறை பெயரும்போது பலகையையும் பிய்த்துக்கொண்டு வரும். தனக்குப் பின் வரும் கைக்கு வழிவிடுகிற பசையைப் பலவீனமானது என்று சொல்லிவிட முடியுமா?

இந்தக் கேள்வியோடு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கலமசூவுக்குப் போகலாம். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குப் போனபின், அங்கிருந்த கிப்சன் தொழிற்சாலையில் கிதார் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1942இல் அறிமுகமான ஜே-45 போன்ற கிதார்களின் தலைப்பகுதியில் “கிப்சன் மட்டுமே தகுதியானது” என்ற பொருள்படும் வாசகம் ஒரு பட்டையில் பொறிக்கப்பட்டது. வாசகம் இருந்தது, செய்தவர் பெயர் இல்லை. போர்க்காலத்தில் கருவி உற்பத்தியே நின்றிருந்தது என்றுதான் நிறுவனத் தரப்பு வரலாறு பின்னாளில் சொன்னது. தொழிற்சாலை முன் திரண்டு நிற்கும் பெண்களின் பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டு, ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் அவர்களில் உயிரோடிருந்தவர்களைத் தேடிச் சந்தித்து ‘கலமசூ கேல்ஸ்’ என்ற நூலை எழுதிய பிறகே அந்த மௌனம் பிளந்தது.

இன்று அந்தக் கிதார்களுக்குப் பெரும் விலை. அவற்றின் ஒலியைப் பெண் கைகளின் ‘மென்மை’யால் விளக்கவும் சிலருக்கு ஆசை வருகிறது. அதையும் மறுக்க வேண்டும். அளந்து, இழைத்து, காய்வதற்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது திறன். அதை இயல்பு என்று சொல்லிவிட்டால் கற்ற உழைப்பு மறுபடி மறைந்துபோகும்.

பிரிட்ஜைப் பிரிப்பவர் பார்ப்பது அந்த உழைப்பைத்தான்: ஒருவர் பசை தடவி இறுக்கிய பரப்பு, பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக வெளிச்சத்தில். அதைச் சிதைக்காமல் பிரிப்பது முன்னவருக்குச் செய்யும் மரியாதை. இளகும் பசையால் ஒட்டுவது பின்னவருக்கு. மூன்றாவதாக ஒரு கடமையும் உண்டென்பேன்: என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கிதாரோடு வைப்பது. ‘அசல்’ என்ற சந்தை மதிப்பு அதனால் குறையலாம். குறையட்டும்.

1943இல் அந்த பிரிட்ஜை ஒட்டியவரின் பெயர் நமக்கு இனி கிடைக்காமலே போகலாம். பெயர் கிடைக்காத இடத்தில், அங்கே ஒருவர் வேலை செய்தார் என்றாவது எழுதிவைக்க வேண்டும்.