எழுதப் புகுவோர் கடன்

பத்திரிகைக்கு எழுதப் புகும் இளைஞர் சிலர் அவ்வப்போது எம்மிடம் வருவதுண்டு. கட்டுரையை எப்படித் தொடங்குவது, எந்தப் புனைபெயரைச் சூட்டிக்கொள்வது என்றெல்லாம் கேட்பர். எதனை எழுதாது விடுவது என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இலர். யாமும் எழுதத் தொடங்கிய நாளில் அதனைக் கேட்டதில்லை.

செரண்டாவை அடுத்த தோட்டமொன்றில் யாம் கிராணியாயிருக்கிறோம். ரப்பர் நின்ற மண்ணில் இன்று செம்பனை நிற்கிறது. ஆயினும் லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பெரியாவிடின் அடுத்த வீட்டாருக்குத் தெரியாமற் போவதில்லை. கிராணிக்கோ அதற்கு மேலும் தெரியும். வேலைக்கு வராத நாள், வாங்கிய முன்பணம், பிடித்த கடன் யாவும் அவன் பேரேட்டில் உள.

சில ஆண்டுகளுக்கு முன் குடியொழிப்பைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தோம். சம்சு குடும்பத்தைக் கெடுக்கும் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. எம் தோட்டத்து முதியவர் ஒருவர் மாதந்தோறும் வாங்கும் முன்பணத்தையும், சம்பள நாளில் அவர் கையில் எஞ்சுவதையும் தொகையோடு எழுதினோம். பெயரைச் சொன்னோமில்லை, லயத்தையும் வீட்டையும் மட்டுமே குறித்தோம். பெயரினும் அது தெளிவான அடையாளம் என்பது, வியப்பு, எமக்குத் தோன்றவேயில்லை! கட்டுரையின் அடியிலோ எமது புனைபெயர் இருந்தது. ஒளிந்துகொண்டவர் யாம், தெருவில் நிறுத்தப்பட்டவர் அவர்.

அவ்வாரம் அவர் பேத்தி பள்ளிக்குச் செல்லவில்லை. முதியவர் அலுவலகத்துக்கு வந்தார், சண்டைக்கு வந்தாரல்லர். "கிராணி ஐயா, நீங்க எழுதினது ஒன்னும் பொய்யில்லைங்க. ஆனா அந்தக் கணக்கு உங்க புஸ்தகத்துல மட்டுந்தானுங்களே இருந்துச்சு?" என்றார்.

எழுதியது உண்மை என்பதே அதுகாறும் எமக்குக் கவசமாயிருந்தது. இந்நாட்டின் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும், எழுதியதை உண்மையென மெய்ப்பித்தலை ஓர் எதிர்வாதமாக ஏற்கிறது. நீதிமன்றத்தில் யாம் தப்பியிருக்கக்கூடும். ஆனால் அம்முதியவர் கேட்டது உண்மையா பொய்யா என்பதன்று. அந்த உண்மை எவருடையது என்பது. சம்பளக் கணக்குக்காக எம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை யாம் வேறொன்றுக்குச் செலவிட்டோம். வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் 30ஆம் அதிகாரமாகவும், புறங்கூறாமையை அதற்கு முன்னரே இல்லறவியலில் 19ஆம் அதிகாரமாகவும் வைத்திருப்பதை அன்றுதான் கருத்தூன்றிப் பார்த்தோம். அண்டை வீட்டாரோடு வாழ்பவனுக்கு எது முந்தி வேண்டும் என்பது அவ்வைப்பினால் எமக்கு ஒருவாறு விளங்கிற்று.

இந்நாட்டில் எழுத்துப் பயிற்சிக்குக் குறைவிருந்ததில்லை. 1950இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்க வந்தவர் கு. அழகிரிசாமி. 1924இல் பிறந்த அவ்விதழ் 2019இல் நின்றுபோயிற்று. கதை எழுதுவோர் ஊரையும் தொழிலையும் மாற்றி ஒருவரை மறைத்துவிடலாம்; கட்டுரை எழுதுவோருக்கு அவ்வசதி இல்லை. பிறர் எழுத்தை எடுத்தாண்டால் எடுத்த இடம் சொல்லுதல், பிழை நேர்ந்தால் அதே இடத்தில் திருத்துதல் என்பனவற்றை யாவரும் அறிவராதலின் விரிக்கவில்லை.

அப்படியாயின் தோட்டத்து அநீதியை எழுதலாகாதா என்று சீர்திருத்த நண்பர்கள் சினக்கலாம். தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். கூலியைக் குறைப்பவன் தன் அதிகாரத்தால் பிறர்க்குச் செய்வது பொதுவழக்கு. அதனை மறைப்பதே குற்றம். முதியவரோ எவர்மீதும் அதிகாரம் உடையவரல்லர்.

பத்திரிகையில் மன்னிப்புக் கேட்கிறோம் என்று அன்றே அவரிடம் சொன்னோம். "இன்னொரு தடவையுமா, ஐயா?" என்றார். பேசாதிருந்துவிட்டோம். அதுமுதல் எவரைப் பற்றி எழுதினாலும் அவருக்குப் படித்துக் காட்டியே அனுப்புகிறோம். சிலர் வேண்டாமென்பர், அக்கட்டுரைகள் எம் மேசைக்குள் கிடக்கின்றன. சென்ற மாதம் இதனையும் முதியவருக்குப் படித்துக் காட்டினோம். லயத்தையும் தொகையையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம்.