கலிவிக்கோழியும் தணிகை மலையும்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

கிருத்திகை முடிஞ்ச கையோட தம்பி தங்கச்சிகள் சிலர் ஒரே மாதிரி மெசேஜ் அனுப்புறீங்க. "அண்ணா, 48 நாள் விரதம் இருந்தேன். திருத்தணி படி ஏறினேன். வேண்டினது நடக்கல. முருகன் என்னைப் பாக்கவே இல்லையா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கோழிக் கதை சொல்றேன். சேவற்கொடியோன் பிள்ளைகள் நாம, கோழிக் கதை கேக்க மாட்டோமா!

திருத்தணியைத் தாண்டி ரேணிகுண்டா வழியா போற ரயில் கடப்பாவைத் தொடும். அங்கே லங்கமலைக் காடு. முள்ளும் களாப் புதரும் மண்டின வறண்ட காடு. காட்டுக்குப் பேரே ஸ்ரீ லங்கமல்லேஸ்வரர் சரணாலயம், நம்ம அப்பன் முருகனோட அப்பன் பேர்ல. அங்கே தரையிலேயே வாழுற ஒரு பறவை உண்டு. தெலுங்குல கலிவி கோடி. கோடின்னா கோழி, திருத்தணிக்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. உண்மையில அது கோழி இனம் இல்ல. நெஞ்சுல ரெண்டு பழுப்புப் பட்டை, பெரிய கண்ணு, மெலிஞ்ச கால். பகல்ல புதரடியில பதுங்கும், இருட்டினதும் நடமாடும். மகா கூச்ச சுபாவம்.

1848-ல ஜெர்டான்ங்கிற வெள்ளைக்கார மருத்துவர் மூலமா இது வெளி உலகத்துக்குத் தெரிஞ்சது. 1900-க்கு அப்புறம் எந்த ஆய்வாளர் கண்ணுலயும் படல. அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. சரியா 86 வருஷம்! 1986 ஜனவரியில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் அங்கே தேடிக்கிட்டிருந்தப்ப, உள்ளூர் வேட்டைக்காரர் ஒருத்தர் ராத்திரியில டார்ச் வெளிச்சத்துல அதைக் கையாலேயே பிடிச்சுக் கொண்டு வந்துட்டார். படிச்சவங்க இல்லைன்னு எழுதி வெச்ச பறவையை, காட்டுல நடக்கிறவங்க பேர் வெச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. வள்ளியம்மை எந்தக் குலம்னு ஞாபகம் வருதா?

ஆனா கைக்கு வந்த அந்தப் பறவை பிழைக்கல. சீக்கிரமே செத்துப்போச்சு. 86 வருஷம் தேடினது கிடைச்சது. கிடைச்ச கையிலயே போச்சு.

அதுக்கப்புறம் வந்தவங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. ப. ஜெகநாதன்னு நம்ம தமிழ்க்காரர், அவரோட குழுவும்தான். புதர்களுக்கு நடுவுல மண்ணை மெல்லிசாப் பரப்பி விடுவாங்க. ராத்திரி தொந்தரவு பண்ண மாட்டாங்க. காலையில வந்து குனிஞ்சு பாப்பாங்க, மூணு விரல் தடம் பதிஞ்சிருக்கான்னு. பல நாள் ஒண்ணும் இருக்காது. மண்ணைத் திரும்பவும் சமப்படுத்திட்டுப் போவாங்க. பறவையை நேர்ல பாக்காம, அதோட காலடித் தடத்தை வெச்சே "இங்கே இருக்கு"ன்னு சொன்னாங்க.

திருவடி, திருவடின்னு தினமும் சொல்றோம். இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். 48 நாள் விரதம்ங்கிறது முருகனைப் பிடிக்கப் போடுற வலை இல்ல தம்பி. அது மண்ணைச் சமப்படுத்துற வேலை. 49-வது நாள் காலையில தடம் இல்லைன்னா, முருகன் அந்தக் காட்டுலயே இல்லைன்னு அர்த்தமா? வள்ளி கதையையே பாருங்க. வள்ளிமலைத் தினைப்புனத்துல பரண் மேல நின்னு கவண் வீசிப் பறவை விரட்டின பொண்ணு அவ. சூரனையே ஜெயிச்ச சாமி, ஒரு வேடிச்சி மனசுக்காக வேடனா வந்தான், வேங்கை மரமா நின்னான், கிழவனா வந்து பசிக்குதுன்னு கேட்டான். வள்ளி வேங்கை மரத்தைப் பாத்தா. முருகனைப் பாத்ததா அவளுக்குத் தெரியல. காத்திருந்தது யாரு சொல்லுங்க? நாம மட்டும்தான் காத்துக்கிட்டு இருக்கோம்னு நினைக்கிறது நம்ம அவசரம்.

அந்த அவசரம் தணியுறதுக்குத்தான் தணிகை. சூரனோட போர் முடிஞ்சு அவனே சினம் தணிஞ்சு வந்து உக்காந்த மலை, வள்ளியைக் கைப்பிடிச்ச மலை. அதனாலதான் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அந்த மலையில போய் "எப்போ தருவே, இப்போவே சொல்லு"ன்னு சண்டைக்கு நிக்கிறோம், கையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. (ரீல்ஸ் போடுறவங்க கோவிச்சுக்காதீங்க. நானும் பாக்கிறேன், லைக்கும் போடுறேன்.)

இன்னொண்ணும் சொல்லிடுறேன். நம்ம சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணி கொண்டு வர்ற தெலுங்கு கங்கைத் திட்டத்தோட கால்வாய் ஒண்ணு இந்தப் பறவையோட காட்டு வழியாவே வெட்ட ஆரம்பிச்சாங்க. 2005 வாக்குல எதிர்ப்பு கிளம்பி, அப்புறம் பாதையை மாத்தினாங்க. நம்ம குழாய்த் தண்ணிக்கும் அந்தக் கோழிக்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம். மலையில வீசிட்டு வர்ற பாலிதீன் கவரும் பாட்டிலும் யார் வீட்டு வாசல்ல போய் விழுதுன்னு யோசிங்க.

அடுத்த கிருத்திகைக்கு 365 படி ஏறுவீங்க இல்ல? வேண்டுதலைச் சொல்லுங்க, தப்பே இல்ல. சொல்லிட்டு, இறங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் எதுவும் கேக்காம வடக்கே பாத்து உக்காருங்க. நகரி மலைகள் தெரியும். அதுக்கும் ரொம்ப அப்பால, ஏதோ ஒரு களாப் புதரடியில அந்தக் கோழி இந்நேரம் பதுங்கித் தூங்கிக்கிட்டிருக்கும்.

வேலும் மயிலும் துணை.