என் காணி, என் காசு, என் வீடு

எம்மவரிற் பெரும்பாலானோர் தம் வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகின்றனர். அதற்காக இளமை முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்க்கின்றனர், நகையை அடைவு வைக்கின்றனர், வங்கியிற் கடன்படுகின்றனர், கடல் கடந்து சென்ற பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடுகின்றனர். இத்தனை பாடுபட்டுக் கட்டும் வீட்டைப் பற்றி வெளியார் ஒருவர் வாய் திறந்தால், "என் காணி, என் காசு, என் வீடு, இதில் உமக்கென்ன?" என்ற பதில் உடனே வரும்.

பதில் நியாயமானது போலவே தோன்றுகிறது. ஆயினும், வாசகரே, அதனைச் சற்று உரைத்துப் பார்ப்போம். காணி என்னுடையதுதான். காசும் என்னுடையதுதான். ஆனால் அந்த வீட்டிற்கு வந்து சேரும் கல்லும் மணலும், அதன் கீழ் ஊறும் தண்ணீரும் முழுவதும் என்னுடையவைதாமா? வீடு கட்டுவோன் அயலவனுக்கும், இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் ஏதேனும் கடமைப்பட்டவனா? இதுவே நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

நிலத்தின் கீழ் வேலி இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டையே உதாரணமாகக் கொள்வோம். இங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்துள்ளன. மாரி மழை அவற்றினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராக நிற்கிறது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்து முடிந்துவிடுகிறது. அந்த மூன்று மாதங்களில் நிலம் குடித்து வைத்ததையே எஞ்சிய ஒன்பது மாதங்களும் நாம் அள்ளுகிறோம்.

இப்போது வேலியைப் பாருங்கள். அது கதியால் வேலியாயினும் மதிலாயினும் நிலத்தின் மேல்தான் நிற்கிறது. கீழே வேலியும் இல்லை, உறுதியும் இல்லை. என் வளவில் அடித்தளம் பூசாத மலக்குழியை வெட்டினால், அதன் கசிவு சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பு வழியே பக்கத்து வீட்டுக் கிணற்றைத் தேடிப் போகும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றனர். தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலக்குழிகளுமே அதற்கு முக்கிய காரணங்கள். அத்தகைய தண்ணீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது முதலிற் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. அந்தக் குழந்தை யாருடைய காணியில் பிறந்தது என்று தண்ணீர் கேட்பதில்லை.

அதேபோல, என் வீட்டு முற்றம் முழுவதையும் சேறு படாமல் இருக்கட்டும் என்று சீமெந்தால் மூடிவிடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 2,360 லீற்றர் தண்ணீர். மண் திறந்திருந்தால் அது கீழே இறங்கி ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் பொதுவான வைப்பிற் சேரும். மூடியிருந்தால் வீதிக்கு ஓடி, வாய்க்காலில் விழுந்து கடலுக்குப் போகும். என் முற்றத்தின் அழகுக்காக ஊரின் சேமிப்பிலிருந்து நான் எடுத்துவிட்ட பங்கு அது. கணக்கில் வராத பங்கு, ஆனாலும் எடுத்ததுதான்.

"நான் ஒருவன் செய்வதால் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். உலகத்து வெப்பம் பற்றிய பேச்சில் இந்தக் கேள்விக்கு ஓரளவு இடமுண்டு. குடாநாட்டுக் கிணற்றைப் பொறுத்தவரை இடமே இல்லை. பத்து வீட்டார் ஒரே ஒழுங்கையில் மோட்டர் வைத்து அளவின்றி இறைத்தால், அடியிலுள்ள உவர் மேலெழும். அதே பத்து வீட்டார் மழைநீரை நிலத்துக்குள் விட்டால் நன்னீர் நிற்கும். இங்கு ஒருவனுடைய செயல் பெருங்கடலில் விழும் துளி அல்ல. ஒரு குடத்தில் விழும் துளி.

வெள்ளமும் ஒரு சாட்சி

2008 நவம்பரில் "நிஷா" புயலோடு வந்த பெருமழையில் குடாநாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு மாரியிலும் அதன் சிறு பதிப்பைச் சில ஒழுங்கைகளிற் காணலாம். பள்ளக் காணியை வாங்குகிறோம்; லொறி லொறியாக மண் பறித்து மூன்று அடி உயர்த்துகிறோம்; சுற்றிவர மதில் கட்டுகிறோம். எங்கள் வீட்டு வாசல் நனையாது. ஆனால் அந்த வெள்ளம் இல்லாமற் போய்விடவில்லை. எங்களைப் போல மண் பறிக்க வசதியற்ற ஒருவர் வீட்டுக் குசினிக்குள் அது நிற்கிறது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் அநீதி என்று எண்ணுகிறோம். தண்ணீரைத் தள்ளிவிடுவதும் அநீதிதான்; அதில் கை நனைவதில்லை என்பதே வேறுபாடு.

கண்ணுக்குத் தெரியாத அயலவர்

அயலவன் யார் என்ற பழைய கேள்வி இங்கு மீண்டும் எழுகிறது. வேலிக்கு அப்பால் இருப்பவர் மட்டுமா? வீட்டுக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளும் எங்கோ ஓரிடத்திலிருந்து எடுக்கப்பட்டதே.

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். வடமராட்சி கிழக்கின் மணற் கும்பிகள் கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே நிற்கும் அரண்கள். மழைநீரைத் தாங்கி வைப்பனவும் அவையே. அனுமதியின்றி இரவில் அள்ளிய மணல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர், அந்த அரணின் ஒரு துண்டைத் தம் சுவருக்குள் வைத்துப் பூசுகிறார்.

தெற்கே நடந்த ஒன்றைச் சொன்னால் இது மிகைப்பட்ட பேச்சல்ல என்பது விளங்கும். தென்மேற்குக் கரையில் நெடுங்காலமாக முருகைக்கல்லை உடைத்துச் சூளையிலிட்டுக் கட்டடச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 1988 இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடைசெய்த பின்னரும் அகழ்வு அடியோடு நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கல் தப்பியிருந்த இக்கடுவைப் பகுதியைவிட, அது பெரிதும் அழிந்திருந்த பெரலியவிற் கடல் வெகுதூரம் உள்ளே புகுந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட புகையிரத விபத்து நிகழ்ந்தது அந்தப் பெரலியவிலேதான். சுவருக்குச் சுண்ணாம்பு வாங்கிய எவரும் அதற்கு ஆசைப்படவில்லை. அவர்கள் வெள்ளையான சுவருக்கே ஆசைப்பட்டார்கள். எனினும் அலை வந்தபோது அரண் இருக்கவில்லை.

மின்சாரமும் அப்படித்தான். காற்றோட்டம் இல்லாத வீட்டைக் கட்டிவிட்டு, பின்னர் அறைக்கொரு குளிரூட்டி பூட்டுகிறோம். ஆளியைத் தட்டுவது நல்லூரில். நிலக்கரி எரிவது நுரைச்சோலையில். 2011 முதல் அங்கு இயங்கும் அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் தூசியையும் பற்றி அயற் கிராமத்தவர் முறையிட்டு வருகின்றனர். அவர்களும் எம் அயலவரே.

அஸ்பெஸ்ரஸ் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு ஐயமில்லை. எமது நாட்டில் அதன் இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்த அரசு முற்பட்டது. 2017 டிசம்பரில் ரசியா எமது தேயிலையை இடைநிறுத்தியதைத் தொடர்ந்து அந்த முடிவு கைவிடப்பட்டது. சட்டம் விட்டுவிட்டதால் மனச்சாட்சியும் விட்டுவிட வேண்டுமா? தகட்டை வாளால் அறுக்கும்போதும், பழைய கூரையை உடைத்து இறக்கும்போதும் அத்தூசைச் சுவாசிப்பவர் வீட்டுக்காரர் அல்லர். நாட்கூலிக்கு வந்த தொழிலாளி. புதிய வீட்டுக்கு அதனை வாங்காது விடுவதே நன்று. பழையதை இறக்க நேர்ந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். தொழிலாளியின் வாயையும் மூக்கையும் மூடத் தக்க கவசம் வாங்கிக் கொடுங்கள்.

ஏழைக்கு இதைச் சொல்லலாமா?

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். அதனைத் தட்டிக்கழிக்க முடியாது. "முப்பது ஆண்டுப் போரில் வீட்டை இழந்து, தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலிலும் பிள்ளைகளை வளர்த்தவன், ஈற்றிலே நாலு சுவர் எழுப்பும்போது, அவனிடம் போய் மரத்தையும் மணலையும் பற்றிப் பேசுவதா? ஓலை வீட்டின் குளிர்மையைப் புகழ்பவர், மாரியில் ஒழுகும் கூரையின் கீழ் படுத்ததுண்டா?"

மறுப்பில் உண்மை உண்டு. கறையானும் தீயும் ஒழுக்கும் அறிந்தவனுக்குக் கல்வீடு என்பது ஆடம்பரம் அல்ல, மானம். அவனைப் பழைய ஓலைக் குடிசைக்குத் திரும்பச் சொல்வது அறமாகாது. ஆனால் ஏழையின் வேண்டுதல் என்ன என்பதையும் கவனிப்போம். 2016 இல் வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. எமது வெயிலுக்கு அவை ஏற்றவையல்ல, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை தரமாட்டா என்ற எதிர்ப்பு எழுந்தது. ஈற்றில் திட்டம் கைவிடப்பட்டது. வறியவனும் வெறும் பெட்டியைக் கேட்கவில்லை. இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்திய வீட்டையே கேட்டான். காற்றும் நிழலும் நல்ல தண்ணீரும் பணக்காரனைவிட அவனுக்கே கூடுதலாக வேண்டும். அவை இல்லாதபோது விலை கொடுத்து வாங்க அவனால் இயலாது.

ஆகவே இந்தக் கேள்வியின் கூர்முனை சிறு வீடு கட்டுபவரை நோக்கியதல்ல. தேவைக்கு மேல் கட்டுபவரை நோக்கியது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கென இரண்டு மாடி எழுப்புகின்றனர். முழங்கால் நோவுடைய தாய் மேல்மாடியை ஆண்டுக்கு ஒருமுறை கூட ஏறிப் பார்ப்பதில்லை. ஆறு அறைகளில் ஐந்து பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளின் அன்பிற் குறைகாண நாம் யார்? ஆனால் அந்த ஐந்து அறைகளுக்கும் சீமெந்து எரிந்திருக்கிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. காங்கேசன்துறையில் 1990 வரை இயங்கிய தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெருங்குழிகளை இன்றும் நாம் காணலாம். அந்தக் குழியை வேறு நாட்டில் வெட்டுவதால் குழி இல்லாமற் போய்விடாது. பாவிப்பார் இல்லாத அறை, எவருக்கும் பயன் தராது பூமியிடம் வாங்கிய கடன்.

செய்யத்தக்கவை

இனி, கட்டப்போகிறவருக்கும் திருத்தப்போகிறவருக்கும் சில சொல்வோம்.

முதலாவது, நிற்கும் வீட்டை இடிக்குமுன் இருமுறை யோசியுங்கள். இருப்பதைத் திருத்துவதே பெரும்பாலும் மண்ணுக்கும் பைக்கும் இலகு. எம் முன்னோரின் நாற்சார் வீட்டுத் தடித்த சுவரும், நடு முற்றமும், பனஞ்சலாகையின் மேலமர்ந்த ஓடும் வெயிலை அறிந்து செய்தவை. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்; உள்ளே ஈரம் அடைபட்டுச் சுவர் உதிரும். அதற்குச் சுண்ணாம்பே ஏற்றது. இடிக்கத்தான் வேண்டுமென்றால் கதவு, நிலை, ஓடு, கல் யாவற்றையும் பிரித்தெடுத்து மீண்டும் பாவியுங்கள்.

இரண்டாவது, காற்றை மறவாதீர்கள். எதிரெதிராக யன்னல், அதற்கு மேல் காற்றுத்துவாரம், தெற்கிலும் மேற்கிலும் விறாந்தை அல்லது மரம். கொங்கிறீற் தட்டு பகலில் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் விடும். தட்டுத்தான் வேண்டுமெனில் அதன் மேல் வெள்ளை பூசுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றபோது, யன்னலை நம்பிக் கட்டிய வீட்டார் எப்படியோ உறங்கினர்.

மூன்றாவது, தண்ணீர். கூரைக்குப் பீலி வைத்து முதல் மழையைக் கழுவ விட்டுப் பின்னர் தாங்கியிற் சேருங்கள். மிஞ்சியதை வளவிலேயே நிலத்துக்குள் இறங்க விடுங்கள். மலக்குழிக்குப் பதிலாக அடியும் சுவரும் பூசிய தாங்கி கட்டுங்கள். அதன் உறிஞ்சு குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கும் அதே நாடாவால் அடுத்தவர் கிணற்றுக்கும் அளவுங்கள்.

நான்காவது, பொருள். இந்தியாவில் நெடுங்காலம் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் லோறி பேக்கர் (1917-2007), கிட்டவுள்ள பொருளாற் கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தைத் தம் தொழிலின் வழிகாட்டியாகக் கொண்டார். நல்ல விதிதான். ஆனால் அதையும் இடமறிந்தே கொள்ளவேண்டும். குடாநாட்டுச் செம்மண் தோட்டக்காரனின் சோறு; அதைச் சுவருக்கு அள்ளுவது நன்மையாகாது. கிட்டவுள்ளது என்பதோடு, எடுத்தால் எவருக்கு இழப்பு என்பதையும் கேளுங்கள். பனை மரம் வாங்கினால் கன்றுக்கும் வழி செய்யுங்கள். மதில் அவசியமில்லாத பக்கத்தில் கிளுவையும் பூவரசும் நிற்கட்டும். நிழலும் குழையும் தரும்.

இவை எல்லாவற்றையும் எல்லாராலும் செய்ய இயலாது. இயன்றதைச் செய்யாது விடுவதற்கு அது நியாயமும் ஆகாது.

வீட்டுக்குப் படம் வரையும் நாளில் எல்லாரும் சில கேள்விகள் கேட்கிறோம். வாசல் எந்தத் திசை? அறை எத்தனை? செலவு எவ்வளவு? அவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள், வாசகரே: இந்த வீடு எழுவதால் யாருடைய கிணறு, யாருடைய கரை, யாருடைய மூச்சு குறைகிறது? அதற்குப் பதில் சொல்லக்கூடிய வீட்டைக் கட்டியவர் மட்டுமே "இது என் வீடு" என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.