கரிசல் காட்டில் ஒரு தவக்குல் பாடம்

 



தானியத்தையும் கொட்டையையும் பிளந்து முளைக்கச் செய்பவன் தானே என்று அல்லாஹ் திருமறையின் அல் அன்ஆம் அத்தியாயத்தில் (6:95) அறிவிக்கிறான். நீங்கள் விதைக்கிறீர்களே, அதைப் பயிராக்குவது நீங்களா, நாமா என்று அல் வாகிஆ அத்தியாயத்தில் (56:63, 64) நம்மிடமே கேட்கிறான். இவ்வசனங்களை ஓதுகிறவர்களில் சிலர், “முளைக்க வைப்பவன் அவன்தானே, நாம் என்ன செய்து என்ன ஆகப்போகிறது?” என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இன்னும் சிலரோ, “பணம் போட்டேன், பாடுபட்டேன், விளைந்தது” என்று விளைச்சலைத் தம் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்கள். இரண்டும் பிழை. எப்படிப் பிழை என்பதைக் கோவில்பட்டிக் கரிசல் காட்டின் ஒரு சோள விதையையும், வேலியோரத்து இலந்தைச் செடியையும் வைத்தே பார்த்துவிடலாம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் ஆற்றுப் பாசனம் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். சோளமும் பருத்தியும் உளுந்தும், இப்போது பெருகியிருக்கும் மக்காச்சோளமும் அந்த மழையை நம்பியே நிற்கின்றன. மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது. களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும், ஏர் இறங்காது. ஆகவே மழைக்கு முன்பே, புரட்டாசியில், புழுதியில் விதைக்கிறார்கள். வானத்தில் மேகம் கூட இல்லாத நாளில் வீட்டிலிருக்கும் தானியத்தை மண்ணுக்குள் போடுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

ஆனால் அந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் உண்டு. விதை வெளிப்பார்வைக்குக் கல்லைப் போலத் தெரியும். உள்ளே கருவும், அது வேர் விடும் வரை உண்ணுவதற்கான கட்டுச்சோறும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஈரம் பட்டதும் விதை நீரை உறிஞ்சி விழித்துக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் மாவு சர்க்கரையாக மாறுகிறது. பிறகு முளைவேர் வெளியே எட்டிப் பார்க்கிறது. முளைவேர் எட்டிப் பார்ப்பதற்கு முன் ஈரம் காய்ந்தால் விதை மறுபடியும் உறங்கிவிடும், சாகாது. எட்டிப் பார்த்த பின் காய்ந்தால் செத்துவிடும். புரட்டாசியில் ஒரு சிறு தூறல் விழுந்து, பிறகு பத்து நாள் வெயில் அடித்தால் காடே பாழாவது இதனால்தான்.

கோவில்பட்டியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வேளாண் ஆராய்ச்சி நடந்துவருகிறது. ‘கே’ என்ற எழுத்தோடு வரும் பருத்தி, சோள ரகங்களில் அந்த எழுத்து கோவில்பட்டியைக் குறிப்பது. அந்நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் மானாவாரி விவசாயிக்குச் சொல்லும் யோசனைகள் இரண்டு. ஒன்று, புழுதியில் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பது. அப்போது சிறு தூறலின் ஈரம் விதையை எட்டாது, நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும். மற்றொன்று, விதையைக் கடினப்படுத்துவது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, சோள விதையை அதில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்குக் காயவைப்பார்கள். ஒருமுறை பாதி விழித்து உறங்கிய விதை, மண்ணில் ஈரம் கண்டதும் விரைந்து, ஒன்றுபோல முளைக்கும். இளம்பயிர் வறட்சியையும் ஓரளவு தாங்கும்.

இதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, “அல்லாஹ் நாடினால் முளைக்கும்” என்பது தவக்குல் ஆகுமா? யமன் தேசத்திலிருந்து வந்த சிலர், நாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு உழைக்காமல் இருந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அவர்களைக் கண்டித்தார்கள். நிலத்தில் வித்தைப் போட்டுவிட்டுப் பிறகு இறைவனை நம்பியிருப்பவனே தவக்குல் உள்ளவன் என்ற கருத்தில் அவர்கள் விளக்கம் தந்ததாக அறிவிப்பு வருகிறது. கலீஃபா அவர்கள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது விவசாயியை! முதலில் வித்து, பிறகு நம்பிக்கை.

அசட்டையின் விளைவு காட்டோடு நிற்பதில்லை. முதல் விதைப்பு போய்விட்டால் மறுவிதைப்புக்கு விதை வாங்க வேண்டும், உழவுக் கூலி கொடுக்க வேண்டும். கையில் காசில்லாதவன் வட்டிக்காரன் வாசலுக்குப் போகிறான். தவக்குல் என்ற பெயரில் தொடங்கிய சோம்பல், அல்லாஹ்வும் ரஸூலும் போர் அறிவித்த பாவத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவே விதையைப் பேணுவதை உலகக் காரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். விதைத் தானியத்தைக் காயப்போட்டுச் சாம்பல் கலந்து குலுக்கையில் காத்துவைத்த நம் வீட்டுப் பெண்மணிகள், குடும்பத்தின் மார்க்கத்தையும் சேர்த்தே காத்தார்கள்.

ஒவ்வொரு விதைக்கும் அல்லாஹ் ஒரு நியதி வைத்திருக்கிறான். சோளம் காய்ந்தால்தான் நெடுநாள் உயிரோடு இருக்கும். மாங்கொட்டையோ காய்ந்தால் இறந்துவிடும். வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆனால் சாக்கடலோரத்து மஸாதா கோட்டையில் 1960-களில் தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் நடப்பட்டு முளைத்தது! அத்தனை நூற்றாண்டுகள் அந்த உயிரைக் காத்தவன் யார்? கொட்டையைப் பிளப்பவன் அவனே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பேரீச்சை என்றதும் மதீனாவின் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. நம் பனையும் அப்படியே. மதீனத்து மக்கள் ஆண்பூவை எடுத்துப் பெண் பாளையில் வைத்து மகரந்தச் சேர்க்கை செய்துவந்தார்கள். அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதனால் பலன் இருக்குமென்று தோன்றவில்லையே என்ற கருத்தில் தம் எண்ணத்தை வெளியிட்டார்கள். மக்கள் அதைக் கட்டளையாக எடுத்து, செய்வதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டு விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியபோது, மார்க்க விஷயத்தில் தாம் சொல்வதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், இத்தகைய உலகத் தொழிலை அதைச் செய்கிற நீங்களே நன்கு அறிவீர்கள் என்றும் அவர்கள் விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி நமக்குப் பெரிய வழிகாட்டி. தொழிலின் நுட்பத்தைத் தொழில் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்வது ஈமானுக்குக் குறையல்ல.

இனி இலந்தைக்கு வருவோம். மய்யித்தைக் குளிப்பாட்டும்போது இலந்தை இலை கலந்த நீரைப் பயன்படுத்துவது ஸுன்னத் என்பதை நம் வீடுகள் அறியும். அண்ணலாரின் மகளார் மறைந்தபோது, நீராலும் இலந்தை இலையாலும் குளிப்பாட்டி, கடைசியில் கற்பூரம் சேர்க்கும்படி அன்னார் பணித்ததை உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த இலந்தை இனம் கரிசலின் வறட்சியைத் தாங்கி நிற்கும். ஆனால் காட்டு இலந்தையின் பழம் சிறியது, புளிப்பானது. இனிப்பு இலந்தையின் கொட்டையை நட்டாலும் தாயைப் போலவே பிள்ளை வருமென்ற உறுதி இல்லை.

ஆகவே ஒட்டுக் கட்டுகிறார்கள். அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் இலந்தை போன்ற வறண்ட நிலப் பழமரங்களுக்கென்று ஆராய்ச்சி நடந்துவருகிறது. முறை இதுதான்: காட்டு இலந்தைக் கொட்டையின் ஓட்டை உடைத்துப் பருப்பை நட்டால் சுமார் ஒரு வாரத்தில் முளைக்கும், ஓட்டோடு நட்டால் மூன்று நான்கு வாரமாகும். ஆணிவேர் அறுபடாமலிருக்க மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே நடுவது நல்லது. செடி பென்சில் கனம் வந்ததும், ‘உம்ரான்’, ‘கோலா’ போன்ற நல்ல ரக மரத்திலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு எடுத்து, செடியின் பட்டையில் அதே அளவு திறந்து பொருத்தி, கண் மட்டும் வெளியே தெரிய பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றுகிறார்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்திசு இருக்கிறது. இரண்டின் வளர்திசுவும் தொட்டுக்கொண்டால் உயிர் ஒன்றாகிறது. கண் துளிர்த்ததும் மேலேயுள்ள காட்டுத் தலையை வெட்டிவிடுவார்கள். பேரீச்சையிலும் பனையிலும் இத்தகைய வளர்திசு இல்லை. அதனால் அவற்றில் ஒட்டுக் கட்ட முடிவதில்லை.

ஒரே நீரைக் குடித்தும் கனிகள் சுவையில் வேறுபடுவதைச் சிந்திப்போர்க்கு அத்தாட்சி என்று அர்ரஃது அத்தியாயம் (13:4) சொல்கிறது. ஒட்டு இலந்தையில் அந்த அத்தாட்சி ஒரே மரத்தில் தெரிகிறது! உறிஞ்சும் வேர் ஒன்று. ஒட்டுக்குக் கீழே கிளைத்தால் புளிப்பு, மேலே கிளைத்தால் இனிப்பு.

இங்கே இரண்டு ஐயங்கள் எழலாம். இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா? ஆகாது. திருமறை (4:119) கண்டிப்பது, ஷைத்தானின் தூண்டுதலால் கால்நடைகளின் காதை அறுப்பது போன்ற செயல்களை. இங்கே கண்ணும் அவன் படைப்பு, வேரும் அவன் படைப்பு. இரண்டும் கூடும் இயல்பும் அவன் வைத்ததே. மாமரக் கண்ணை இலந்தையில் கட்டிப் பாருங்கள், கூடாது. அந்த எல்லையும் அவன் வகுத்ததே. ஸ்பெயினில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தம் விவசாய நூலில் ஒட்டுக் கட்டும் முறைகளை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இலந்தையை வெட்டுபவனுக்கு நரக எச்சரிக்கை வந்திருக்கிறதே, தலையை வெட்டலாமா? அந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் அபூதாவூத் அவர்களே, வழிப்போக்கரும் பிராணிகளும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை உரிமையின்றி, வீணாக வெட்டுவதையே அது குறிக்கிறது என்று விளக்கியுள்ளார்கள். மரத்தை மேலாக்குவதற்காகத் தம் செடியை வெட்டுவது அதில் அடங்காது. ஆனால் ஒன்று: பிறர் தோட்டத்து மரத்திலிருந்து கேட்காமல் கண் எடுப்பது கூடாது. சிறு குச்சிதானே என்று நினைக்காதீர்கள், உரிமை உரிமைதான்.

கட்டியதோடு வேலை முடியவில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுத் துளிர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். கிள்ளாமல் விட்டால் அவை நல்ல கிளையைப் பட்டினி போட்டுவிடும். தூரத்தில் பார்ப்பவருக்கு மரம் செழிப்பாகவே தெரியும். காய்க்கும்போதுதான் மோசம் போனது விளங்கும். பிள்ளையை இரண்டு வருடம் மக்தபுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவன் எங்கே போகிறான், யாரோடு சேருகிறான் என்று பார்க்காத தந்தைமார் இதை யோசிக்க வேண்டும். நம் நஃப்ஸின் கதையும் இதுவே.

மனித உழைப்புக்கு மார்க்கம் எவ்வளவு மதிப்புத் தருகிறது பாருங்கள்! மழையால் விளைந்ததில் ஜகாத் பத்தில் ஒன்று. நீர் இறைத்துப் பாடுபட்டு விளைவித்ததில் இருபதில் ஒன்று. உழைப்பு கூடினால் கடமை பாதியாகிறது. ஆயினும் முழுதும் தள்ளுபடியாவதில்லை. ஏனெனில் முளைக்க வைத்தவன் அவன். எந்தெந்த விளைபொருளில், எவ்வளவு இருந்தால் கடமை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அவரவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்துகொள்ளட்டும்.

ஆகவே அன்பர்களே, இந்தப் பட்டத்தில் விதையை ஊறவைத்து, நிழலில் காயவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி விதையுங்கள். பிறகு மழைக்காகக் கையேந்துங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் கபரஸ்தான் வேலியோரம் இரண்டு இலந்தை வையுங்கள். இலை மய்யித்துக்கு, பழம் பிள்ளைகளுக்கும் பறவைகளுக்கும். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது ஸதக்கா என்பது நபிமொழி. கியாமத் நெருங்கும் வேளையிலும் கையிலிருக்கும் கன்றை நடச் சொன்ன நபியின் உம்மத் நாம். அந்தக் கன்று காய்க்குமா என்று பார்க்கச் சொல்லவில்லை; நடச் சொன்னார்கள்.

முயற்சியைக் குறைக்காத தவக்குலையும், முயற்சியால் செருக்கடையாத உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.