முந்தைய அரசின் வாக்கும் பிந்தைய அரசின் கடமையும்

ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வரும்போது, முன்னது கொடுத்த வாக்கு பின்னதைக் கட்டுமா என்னும் கேள்வியை அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் எழுப்புகிறார். கொடுங்கோலன் செய்த ஒப்பந்தத்தை அவனை வீழ்த்திவந்த மக்களாட்சி நிறைவேற்ற வேண்டியதில்லை, ஒப்பந்தம் செய்தவன் அவனேயன்றி நகரம் அன்று என வாதிட்டோர் அவர் காலத்தில் இருந்தனர். ஒரு நகர அரசின் அடையாளம் அதன் மதிலிலோ குடிமக்களின் பிறப்பிலோ இல்லை, ஆட்சியமைப்பில்தான் இருக்கிறது என்று விடை கூறிய அவர், வாக்கை நிறைவேற்றுவது நீதியா என்பதை வேறு கேள்வி என ஒதுக்கிவிட்டார். ஒதுக்கப்பட்ட அந்தக் கேள்வியே இன்று மின்வாகனங்களையும் மின்கட்டமைப்பையும் சுற்றி நிற்கிறது.

அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், புதிய மின்வாகனம் வாங்குவோருக்கு 7,500 டாலர் வரை வரிச்சலுகையை, அதாவது செலுத்த வேண்டிய வருமான வரியிலிருந்தே நேரடியாகக் கழித்துக்கொள்ளும் தொகையை, 2032 இறுதிவரை தருவதாக அறிவித்தது. செனட்டில் இரு தரப்பும் சமமாக நிற்க, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஒற்றை வாக்கால் அது 51-50 எனத் தேறியது. 2025 ஜூலையில் புதிய ஆட்சியின் வரிச்சட்டம் துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் அதே 51-50 கணக்கில் தேறி, அந்தச் சலுகையை 2025 செப்டம்பர் 30-உடன் முடித்துவைத்தது. இரண்டு முறையும் அரசியலமைப்பு ஒன்றே, மன்றமும் ஒன்றே. ஆகவே அரிஸ்டாட்டிலின் அளவுகோலின்படி வாக்குக் கொடுத்த அரசும் அதைத் திரும்பப்பெற்ற அரசும் ஒரே அரசுதான். ‘அது வேறொருவர் சொன்ன சொல்’ என்று விலகிக்கொள்ள இங்கு இடமில்லை.

சட்டத்தின் பார்வை இவ்வளவு கண்டிப்பானது அன்று. 1795-இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் லஞ்சம் வாங்கிக்கொண்டு பரந்த நிலப்பரப்பை மிக மலிவாக விற்க, கொதித்த மக்கள் தேர்தலில் புதியவர்களை அனுப்பி மறு ஆண்டே அவ்விற்பனையை ரத்துசெய்தனர். 1810-இல் ஃபிளெட்சர் எதிர் பெக் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஒரு மன்றம் இயற்றிய பொதுச் சட்டத்தை அடுத்த மன்றம் நீக்கலாம், ஆனால் ஒப்பந்தமாகி உரிமை கைமாறியபின் அவ்வுரிமையைப் பறிக்க இயலாது எனத் தீர்ப்பளித்தார். ஆந்திரத்தில் 2019 ஆட்சி மாற்றத்துக்குப் பின் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் கொள்முதல் விலையைக் குறைக்க அரசு முயன்றபோதும், ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்று 2022-இல் உயர்நீதிமன்றம் கூறியது. மின்வாகனச் சலுகையோ ஒப்பந்தம் அன்று, பொதுச் சட்டம்; அதை நீக்கும் அதிகாரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் அதிகாரம் இருப்பதால் மட்டுமே கடன் தீர்ந்துவிடுவதில்லை, ஏனெனில் சொல்லை நம்பிச் செயலில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த நம்பிக்கையின் எடையை, மின்வாகனங்களுக்கு மின்சாரம் தரும் கட்டமைப்பின் ஒரு பெரிய மின்மாற்றியில் காணலாம். துணைமின் நிலையத்தில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் இக்கருவி நூறு டன்னுக்கு மேல் கனக்கக்கூடியது. காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகளைப் பயிற்சி பெற்ற கைகள் சுருள் சுருளாகச் சுற்ற வேண்டும். பெரும்பாலும் குறிப்பிட்ட நிலையத்தின் அளவுக்கென்றே செய்யப்படுவதால் வேறிடத்துக்கு எளிதில் பொருந்தாது. கேட்டபின் கைக்கு வர இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன, வந்தபின் சுமார் நாற்பது ஆண்டுகள் உழைக்கிறது. அதை வாங்க முடிவெடுப்பவர் பத்துத் தேர்தல்களுக்கு அப்பால் நோக்கியே முடிவெடுக்கிறார்.

வாழும் தலைமுறையை இறந்தவர்கள் கட்டுப்படுத்தலாகாது என்பதற்கு வலுவான வாதம் தாமஸ் ஜெஃபர்சனுடையது. 1789 செப்டம்பரில் பாரிஸிலிருந்து தம் நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தலைமுறையின் காலத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் எனக் கணக்கிட்டு, அதற்குமேல் எந்தச் சட்டமும் கடனும் நீடிக்கலாகாது என்றார். இது புதிய ஆட்சிக்குச் சாதகமாகத் தோன்றினும், அவர் அதை நிறுத்திய அடித்தளம் வேறு பக்கம் இட்டுச்செல்கிறது. பூமி வாழ்பவர்களுக்கு உடைமையாக அன்றி அனுபோகமாகவே உரியது என்றார் அவர். அனுபோகம் என்பது பொருளைக் கெடுக்காமல் அதன் பயனை மட்டும் நுகரும் உரிமை. ஓராட்சியின் நான்கு ஆண்டுகளில் வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்குகிறது. ஆக, முன்னோரின் கட்டிலிருந்து வாழ்பவர்களை விடுவிக்க எழுந்த வாதமே, வாக்குரிமை இல்லாத பின்னோருக்கு அவர்களைக் கடன்பட்டவர்களாக்குகிறது.

வாக்குக் கொடுத்தவர்மீதும் குறை உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகள், கொடையை நிலவும் கதிரும் உள்ளவரை செல்லும் எனப் பொறித்தபின், இந்த அறத்தைக் காப்பவரின் திருவடி தன் தலைமேல் எனக் கொடையாளர் பணிந்து சொல்வதாக முடிவதுண்டு. அழிப்போர்மீது சாபம் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு என்றாலும், வரப்போகும் மன்னனுக்கு ஆணையிட முடியாது, வேண்டத்தான் முடியும் என்ற தெளிவு இந்தப் பணிவில் இருக்கிறது. 2022 சட்டத்துக்கு ஆதரவாக எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. தன் பதவிக்காலத்தைத் தாண்டிய பத்தாண்டு உறுதியை வாரிசுகளின் இசைவின்றிக் கொடுத்தவர், தன் கையில் இல்லாததையும் சேர்த்தே கொடுத்தார்.

இசைவின்றிக் கொடுத்த வாக்காயினும் அதை நம்பியவரின் உரிமை அழிவதில்லை என்பதை, சலுகையை நீக்கிய ஏற்பாடே ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 30-க்குள் எழுத்துமூல ஒப்பந்தம் செய்து சிறு முன்பணமாவது கட்டியிருந்தால், வண்டி பிறகு கைக்கு வந்தாலும் சலுகை உண்டு என்று வரித்துறை விளக்கியது. காற்றாலை, சூரியமின் திட்டங்களுக்குப் பணியைத் தொடங்க ஓராண்டு அவகாசம் கிடைத்தது. கொள்கையை மாற்றும் உரிமையை மக்களிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் மாற்றத்துக்கு முன் தரும் அவகாசம், நம்பியவர் கட்டத் தொடங்கிய பொருளின் காலத்துக்கு ஏற்ப இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவான காலம் கார் வாங்குபவருக்குப் போதுமானது. 2032 வரை வாங்குவோர் வருவார்கள் என எண்ணி மின்வாகனத் தொழிற்சாலையின் சுவர்களைப் பாதி எழுப்பியவருக்கு அது அவகாசமே அன்று.