கொடியும் குருத்தோலையும்



ஆகஸ்டு 15-ந் தேதி தேவமாதாவின் ஆரோபணத் திருநாள். 1947-ம் வருஷம் நமது தேசம் சுதந்திரமடைந்ததும் அதே நாளில்தான். ஆகையால் அன்று பூசை முடிந்தபின் கோவில் முற்றத்தில் தேசியக் கொடியை ஏற்றி வருகிறோம்.

1932-ம் வருஷம் ஜனவரியில், திருப்பூரில் குமரன் என்னும் வாலிபர் கொடியேந்திப் போகையில் போலீசாரின் தடியடிபட்டு மண்டை பிளந்து விழுந்தார். கொடியை மட்டும் கைவிடவில்லை. அந்தக் காயத்தாலேயே உயிர் துறந்தார். அன்று கொடியின் நடுவே இருந்தது ராட்டை. இன்று இருப்பது அசோகச் சக்கரம்.

சென்ற வருஷமோ, திருநாளுக்கு மறுநாள் காலையில் நமது கோவில் வாசல் சாக்கடையில் காகிதக் கொடிகள் கிடக்கக் கண்டு மனம் நொந்தோம்.

மந்திரித்த குருத்தோலையை நாம் வீதியில் எறிவதில்லை. வீட்டில் பத்திரப்படுத்தி, விபூதித் திருநாளுக்காக எரிக்கக் கொடுக்கிறோம். கொடி மந்திரித்த பொருளல்லதான். ஆயினும் பழுதான கொடியைத் தனியிடத்தில் மரியாதையாய் எரிக்கும்படி அரசாங்க விதியும் சொல்லுகிறது.

ஆகையால் பெற்றோரே, பிள்ளைகளின் சட்டையில் குத்திய கொடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துங்கள். தேசத்துக்காக மரித்தவர்களின் ஆத்துமங்களுக்காக அன்றிரவு ஜெபமாலையில் ஒரு பத்துமணி ஒப்புக்கொடுங்கள். கொடியை வணங்கிய கை மறுநாள் லஞ்சம் வாங்கவும் கொடுக்கவும் நீளாதிருக்கட்டும்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

— பங்குக் குரு