ஒப்புக்குச் சப்பாணி

மணவாள நகரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கித் தெற்குப் பக்கம் வந்தால் ஸ்ரீபெரும்புதூர் சாலை, கம்பெனி பஸ்கள், மேல்நல்லாத்தூர் கேட்டர்பில்லர் ஆலை. இங்கே விளையாட்டு என்றால் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு கம்பத்துக்கு நடுவே வலை கட்டி, லைட் வெளிச்சத்தில் ஆடும் ஷட்டில். மழை நாளில் கேரம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் சாயங்காலமே ஆரம்பித்துவிடுவார்கள், ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் இருட்டிய பிறகு சேர்ந்துகொள்வார்கள். இவர்களிடம் போய் கோல்ஃபைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வேலைக்கும் போய்க்கொண்டு விளையாடவும் செய்கிற சாதாரண மனிதர், ஆட்டத்தில் தேறவும் வேண்டும், அதை ரசிக்கவும் வேண்டும் என்றால் எதை வைத்துத் தன்னை அளந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்திருப்பது, எனக்குத் தெரிந்து, கோல்ஃப்தான்.

முப்பத்தைந்து, நாற்பது வயதில் விளையாட்டை விடுகிறவர்கள் சொல்லும் காரணம் மூட்டுவலி, நேரமின்மை. பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது. இந்த அலுப்பு ஆட்டத்திலிருந்து வருவதைவிடத் தப்பான அளவுகோலிலிருந்துதான் அதிகம் வருகிறது என்பது என் கட்சி. நம்மில் பெரும்பாலோர் நம் ஆட்டத்தை இரண்டு விஷயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒன்று, என்றைக்கோ ஒருநாள் நம் கையிலிருந்தே பிறந்துவிட்ட அற்புதமான அடி. இன்னொன்று, டிவியில் பார்த்த அடி. முதலாவது தற்செயல், இரண்டாவது எடிட்டிங். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடிக்குப் ‘பட்’ என்று பெயர். எட்டடி தூரத்துப் பட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டிலின் நீளத்தைவிட ஒரு எட்டு கூடுதல். டிவி தொகுப்பில் இது தவறாமல் உள்ளே போகிறது. உண்மையில் அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் வல்லவர்களே எட்டடியிலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். இருபதடி என்றால் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றுதான். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67. கேரம் ஆடியவருக்கு இது தாராளமான வாசலாகத் தோன்றும், அங்கே 44.5 மில்லிமீட்டர் பாக்கெட்டுக்குள் ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் காயைத் தள்ளுகிறோம். ஆனால் எட்டடி தள்ளி நின்று உருட்டும்போது, பந்து புறப்படும் திசை ஒன்றேகால் டிகிரி விலகினாலே குழி கைவிட்டுப் போய்விடும். கடிகாரத்தின் நொடி முள் ஒருமுறை துடித்தால் ஆறு டிகிரி நகர்கிறது; அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்த ஒன்றேகால். புல்லின் சாய்வை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்தப் பட்டைத் தவறவிட்டு மட்டையைத் தரையில் அறைகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர், உலகத்தரம் வாய்ந்தவருக்கே பாதி நேரம் கிடைக்காத ஒன்றைத் தனக்கு வரவேண்டிய பாக்கி மாதிரிக் கேட்கிறார்.

அளவுகோல் தப்பென்றால் பயிற்சியும் தப்பான இடத்தில் நடக்கும். கோல்ஃப்காரர்களிடம் ஒரு பழைய வாக்கு உண்டு: தூரமாக அடிப்பது பார்வைக்கு, பட் போடுவது காசுக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிஜிஏ டூரில் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து கிளம்பி எங்கே போய் நின்றது என்று கருவி வைத்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளைத் தோண்டி அவர் எழுதிய புத்தகம் 2014-இல் வந்தது. நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் இருக்கிறது என்று அவர் கணக்கு சொன்னது. பிறகு ஏன் இத்தனை பேர் பட்டின் மேல் பழி போட்டார்கள்? நாலடியில் தவறிய பட் கண்ணெதிரே நடக்கிறது, வலிக்கிறது. இருநூறு கஜம் பறந்து முப்பது கஜம் விலகிப் போய் மரத்தடியில் விழுந்த பந்து அவ்வளவு வலிப்பதில்லை. பறந்த அழகுகூட மனதில் நிற்கும். வலிக்கிற இடம் ஒன்று, வியாதி இருக்கிற இடம் இன்னொன்று. நம் காலி மனை ஷட்டிலும் இப்படித்தான். ஸ்மாஷ் வலையில் விழுந்தால் தலையில் அடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் அரை உயரத்துக்குத் தூக்கிக்கொடுத்து எதிராளிக்கு விருந்து வைத்த பத்து லிஃப்டும் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஆகவே ஸ்மாஷையே பழகுகிறோம், லிஃப்டில் தோற்கிறோம். இந்தக் கட்டத்தில் பலர் புது ராக்கெட் வாங்குவார்கள். கூடம் கோணல் என்று சொன்னவளுடைய வாரிசுகள்.

இனி என் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். தெரு விளையாட்டில் சின்னப் பிள்ளை ஒன்று வந்து அழுதால் அதை ‘ஒப்புக்குச் சப்பாணி’ ஆக்கிச் சேர்த்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். (சொல் நல்ல சொல் இல்லை, அந்த வழக்கத்துக்கு வேறு சொல்லும் இல்லை.) அந்தப் பிள்ளை ஓடலாம், பிடிக்கலாம், அவுட்டானாலும் அவுட் கிடையாது. கருணைதான். ஆனால் ஜெயித்தாலும் ஜெயித்ததாகக் கிடையாது, அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பெரியவர்கள் ஆட்டத்தில் இதே வேலை வேறு பெயரில் நடக்கிறது. டபுள்ஸில் பலவீனமானவரை வலையோரம் நிறுத்திவிட்டு “நீங்க விட்டுடுங்கண்ணா, நான் பாத்துக்கறேன்” என்கிறோம். அந்த அண்ணன் நாலு வாரம் வருவார், ஐந்தாம் வாரம் மூட்டுவலி வந்துவிடும். கோல்ஃபின் ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் தரத்துக்கு ஏற்ப அவர் எடுத்த அடிகளிலிருந்து கழித்துக்கொடுக்கும் சலுகை, இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பதினெட்டுக் குழிகளையும் முடிக்க மைதானம் எதிர்பார்க்கும் அடிகள் 72 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஹேண்டிகேப் 18, மற்றவருக்கு 4. முதலாமவர் 90 அடியில் முடிக்கிறார், இரண்டாமவர் 77-இல். கழித்தால் 72-க்கு 73; குறைந்த அடிக்கே வெற்றி. தொண்ணூறு அடித்தவர் ஜெயித்துவிட்டார். ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே, பரிசும் அவருக்குத்தான். எந்தக் குழியில் சலுகை அடி முதலில் சேரும் என்பதுகூட யார் தயவிலும் இல்லை. எந்தக் குழி எவ்வளவு கஷ்டம் என்ற வரிசை ஸ்கோர்கார்டிலேயே அச்சாகியிருக்கும். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்திருக்கிறது. உச்சவரம்பு 54, அதாவது குழிக்கு மூன்று அடி சலுகை. புதிதாகக் கற்கிறவருக்கும் இடமுண்டு. கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை எடுத்துக் கணக்கிடுகிறார்கள். இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹேண்டிகேப் 18 உள்ளவர், நாலு அடியில் முடிக்கவேண்டிய குழியில் திணறிப் பதினோரு அடி எடுத்தாலும், ஹேண்டிகேப் கணக்குக்கு ஏழுதான் போகும். ஒரு குழியில் விழுந்த சனியன் அடுத்த இருபது ஆட்டத்துக்கும் பின்னால் வராது. சதுரங்கத்தில் ரேட்டிங் இருக்கிறதே என்று சென்னைக்காரர் யாராவது கேட்கலாம். ரேட்டிங் பலத்தைச் சொல்லும், பலத்தைச் சமன் செய்யாது. 1,400-காரர் 2,000-காரரோடு உட்கார்ந்தால் தோற்கப்போவதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டுத் தோற்கவிடும்.

ஹேண்டிகேப் குதிரைப் பந்தயத்திலும் உண்டு: வேகமான குதிரையின் மேல் கூடுதல் எடை. கிண்டியில் இரண்டும் ஒரே நிலத்தில் இருந்தன. ஓடுபாதையில் குதிரை, அதன் நடுவில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப். 2024 செப்டம்பரில் குத்தகை விவகாரத்தில் அரசு அந்த 160 ஏக்கருக்கும் சீல் வைத்தது, பிறகு மழைநீர் தேங்க அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. ஆகவே ‘இது பணக்காரன் ஆட்டம், எங்களுக்கென்ன’ என்ற ஆட்சேபத்தை நான் தட்டிக்கழிக்க முடியாது. வேளச்சேரியில் வெள்ளம் வரும்போது பக்கத்தில் குளமா கோல்ஃபா என்று கேட்டால் நான் குளத்தின் பக்கம்தான். விதிவிலக்குகளும் உண்டு. பெங்களூரில் கேடியாக அடுத்தவர் பையைச் சுமந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபனை வென்றார். கொல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌரசியா 2016, 2017 என்று இரண்டு வருஷம் அடுத்தடுத்து அதே பட்டத்தை எடுத்தார். இவர்களைக் காட்டி, பாருங்கள் கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிலம் வேறு, ஆட்டத்தின் சட்டம் வேறு. நல்ல சட்டம் ஒன்றைக் கதவுக்கு உள்ளேயிருந்து வெளியே எடுத்துவர மெம்பர்ஷிப் தேவையில்லை.

இதைவிட எடையுள்ள ஆட்சேபம் இரண்டு இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவது: என் நிலை இதுதான் என்று ஒப்புக்கொண்டவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். ஹேண்டிகேப் சராசரியாக இருந்தால் இந்தப் பயம் நியாயம். ஆனால் அது இருபதில் சிறந்த எட்டு. அதனால் பெரும்பாலான நாட்களில் ஒருவர் தன் ஹேண்டிகேப்பைவிடச் சற்று மோசமாகத்தான் ஆடுவார். முளை எப்போதும் இரண்டு எட்டு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும். நன்றாக ஆடினால் சலுகை உடனே குறையும். சௌகரியமாக உட்கார நாற்காலியே இல்லாத ஏற்பாடு இது. ‘சிறந்ததோடு ஒப்பிடாதே என்று மேலே சொல்லிவிட்டு இங்கே சிறந்த எட்டைப் பிடித்துக்கொள்கிறாயே’ என்று மடக்கலாம். ஒற்றை அடி அதிர்ஷ்டத்தில் வரும். எட்டு முழு ஆட்டம் என்றால் நூற்று நாற்பத்து நாலு குழி. அதற்குள் நம் சொதப்பல்களும் தாராளமாக அடங்கியிருக்கும். அதை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் மணவாள நகருக்கு இன்னும் நெருக்கமானது. பகலெல்லாம் டார்கெட், அவுட்புட், ரிஜெக்‌ஷன் என்று எண்ணிக்கையிலேயே உயிர் போகிறது. சாயங்காலம் ஜாலிக்கு ஆடும்போதுமா கணக்கு? நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதிலும் இல்லை. கணக்கே இல்லாமல் ஆடுகிற சில சாயங்காலங்களும் வேண்டும். ஆனால் லைனில் எண்ணுவது இன்னொருவர், இன்னொருவருக்காக. இங்கே எண்ணுவது நாம், நமக்காக; மேலதிகாரியிடம் போகாத எண். எண்ணாவிட்டால் ஞாபகம் எண்ணும், அது யோக்கியமான குமாஸ்தா இல்லை. ஒருநாள் நம்மைச் சாம்பியனாக்கும், மறுநாள் எதற்கும் லாயக்கில்லாதவனாக்கும். வாழ்நாள் முழுக்கக் காசு வாங்காமல் ஆடிய பாபி ஜோன்ஸ், 1925 அமெரிக்க ஓபனில் தன் பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லித் தன்மேல் ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. கடைசியில் சமநிலைக்கு வந்து, பிளேஆஃபில் பட்டம் போயிற்று. அதைத் தியாகமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கணக்கு வைப்பவரின் சுயநலமாகவே படுகிறது: பொய் எண்ணை வைத்துக்கொண்டு அவர் தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? எண்ணுவது மட்டும் ஆட்டம் முடிந்த பிறகு இருக்கட்டும். கோல்ஃப் மட்டையின் முகத்தில் பந்து ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் யூடியூபில் கேட்ட ஆறு யோசனையையும் நிறைவேற்ற ஒருவராலும் ஆகாது. ஓங்கும்போது ஒரே ஒரு நினைப்பு போதும், அதுவும் சின்னதாக இருந்தால் நல்லது.

ஷட்டிலுக்கு இதைக் கொண்டுவர கமிட்டி எதுவும் வேண்டாம். ஆட்டம் 21 பாயிண்ட். ஆளுக்கு ஏற்றமாதிரி பலவீனமானவருக்கு முன்கூட்டியே சில பாயிண்ட், ஏழு என்று வைத்துக்கொள்வோம், கொடுத்து ஆரம்பித்தால் சரி. ஜெயிக்கிறவருக்கும் இதில் லாபம் இருக்கிறது. ஐந்தில் ஒருமுறைகூடத் தோற்காத ஆட்டத்தை அவர் ஆடவில்லை, நேரத்தைத்தான் கழிக்கிறார். ஏழு பாயிண்ட் பின்னால் இருந்து துரத்தும்போது அவரும் லிஃப்டைக் கவனித்துத் தூக்குவார். ‘எனக்கு யாரும் சலுகை தரவேண்டாம்’ என்று முறைக்கிற ரோஷக்காரர் இருப்பார். அவரிடம் கூட்டலைத் திருப்பிச் சொல்லுங்கள்: உங்களுக்கு ஏழு இல்லை, எனக்கு மைனஸ் ஏழு. எண் ஒன்றுதான், முகம் வேறு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோர்ட்டில் தோற்றுக்கொண்டே இருப்பவருக்கு ஏழு கொடுத்து ஆரம்பியுங்கள். அவர் ஜெயித்துவிட்டால் அடுத்த வாரம் ஆறாக்குங்கள். தோற்றால் எட்டு. சுவரில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும் எழுதி வைக்க.